ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10 மேட்ச்: 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு ஏற்ற குண்டா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் (காற்றழுத்தக் கைத்துப்பாக்கியால் 10 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கைச் சுடும் போட்டி) பழகும் இளையோர் கைப்பிடிக்கும் காலணிக்கும் தாராளமாகச் செலவிடுகிறார்கள். குண்டு வாங்கும்போது மட்டும் எது மலிவோ அதையே எடுத்துக்கொள்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது. ஜெர்மானியத் தயாரிப்பான ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10 மேட்ச் குண்டைப் போட்டிகளில் பயன்படுத்திவருபவன் என்ற முறையில், அதைப் பற்றிய என் மதிப்பீட்டை இங்கே எழுதுகிறேன்.

ஒரு டின்னில் 500 குண்டுகள் இருக்கும். 0.53 கிராம் எடையுள்ளதைப் பெரும்பாலும் ரைபிளுக்கும், 0.45 கிராம் எடையுள்ளதைப் பிஸ்டலுக்கும் வாங்குவார்கள். எடை குறைந்த குண்டு குழலைவிட்டுச் சற்று விரைவாக வெளியேறுவதால், விசையை இழுத்த பின் ஏற்படும் கை அசைவு அதைப் பாதிக்கும் நேரமும் குறைகிறது. ஒரு குண்டை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் மெல்லத் திருப்பிப் பாருங்கள்: தட்டையான தலை, ஒடுங்கிய இடை, நகத்தால் அழுத்தினாலே வளைந்துவிடும் மெல்லிய பின்விளிம்பு. அந்த விளிம்புதான் காற்றழுத்தத்தில் விரிந்து குழலின் உட்சுவரைப் பற்றிக்கொள்கிறது; அது நசுங்கியிருந்தால் குண்டு நேராகப் போகாது. நான் முன்பு வாங்கிய மலிவான டின்களில் நசுங்கியவையும் ஈயத்துகள் ஒட்டியவையும் கலந்தே கிடந்தன. ஆர்10 டின்னில் அப்படிப்பட்டதைக் காண்பது அரிது.

ஆனால் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் பணம் வீண். 4.5 மில்லிமீட்டர் குண்டு என்று சொன்னாலும், அதன் தலை விட்டம் 4.48, 4.49, 4.50 எனச் சிறு வேறுபாடுகளுடன் விற்கப்படுகிறது. எந்த அளவு சரி என்பதை உங்கள் குழல்தான் தீர்மானிக்கும். ஒரே நிறுவனம் தயாரித்த இரண்டு பிஸ்டல்கள்கூட ஒரே அளவை விரும்புவதில்லை. மன்றத்துச் சுடுதளத்தில், பொறுப்பாளர் முன்னிலையில், பிஸ்டலை இடுக்கியில் அசையாமல் பொருத்தி, ஒவ்வொரு அளவிலும் ஐந்தைந்தாகச் சில தொகுதிகள் சுட்டு, துளைக்கூட்டத்தின் வெளிவிளிம்பு முதல் வெளிவிளிம்பு வரை அளந்து பாருங்கள். பொருத்தமான குண்டு ஒரே துளை சற்றுப் பெரிதானது போன்ற வடிவத்தைக் காட்டும். கையில் பிடித்துச் சுட்டு ஒப்பிடுவதால் பயனில்லை. அங்கே குண்டின் குறை எது, கையின் குறை எது என்று பிரிக்க முடியாது.

இந்தச் சிரமம் அவசியமா என்று கேட்பவர்கள் இலக்கைக் கவனிக்கட்டும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். துளையின் விளிம்பு கோட்டைத் தொட்டாலே புள்ளி உண்டு என்பதால், குண்டின் மையம் நடுவிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விலகலாம். அதில் 3 மில்லிமீட்டரைப் பொருந்தாத குண்டின் சிதறலே தின்றுவிட்டால், சுடுபவருக்கு மிஞ்சுவது ஐந்துதான். 75 நிமிடங்களில் 60 குண்டு சுடும் போட்டியில் அதன் விளைவை நீங்களே கணக்கிடலாம். எனினும், எட்டும் ஏழுமாக விழும் நிலையில் உள்ள புதியவருக்கு ஆர்10 இப்போதைக்குத் தேவையில்லை. விலை கூடுதலான அந்த டின்னுக்குப் பதிலாக இரண்டு சாதாரண டின் வாங்கிப் பயிற்சி செய்வதே அவருக்கு நல்லது.

நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈயத்தின் மேல் வெண்பொடி படியும். மூடியை இறுக்கி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்துடன் காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். மோட்டார் சைக்கிள் பெட்டியில் போட்டுக் குலுக்கிக்கொண்டு போகாதீர்கள். ஈயம் நஞ்சு என்பதால், சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே உணவைத் தொட வேண்டும். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி மலேசியாவில் ஏர் பிஸ்டலுக்கும் உரிமம் தேவை என்பதைப் பெற்றோர் மறந்துவிடக் கூடாது.

என் குழலுக்கு 4.49 பொருந்தியது. அளவு உறுதியானதும், டின்னில் அச்சிட்ட தயாரிப்புத் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணுள்ள டின்களை ஒரு போட்டிப் பருவத்துக்குப் போதுமான அளவு ஒன்றாக வாங்கிவிடுங்கள். எண் மாறினால் இடுக்கிச் சோதனையை மீண்டும் செய்ய வேண்டியிருக்கும்.