ஹாலில் 68 கட்டம்: ரோபோ வாக்குவம் கிளீனர், ஆறு மாதத்துக்குப் பிறகு

எங்கள் வீடு ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில், கடற்கரைக்கு ஐந்து நிமிட நடை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலையில் கூட்டிய தரை மதியமே காலில் நறநறக்கும். அம்மாவுக்கு மூட்டு வலி. அவர் இனிக் குனியக் கூடாது என்றுதான் லேசரால் அறையை அளந்து வரைபடம் போடும் இந்த மெஷினை வாங்கினேன்.

முன்பு இருந்த மலிவு மெஷினுக்கு முட்டினால் திரும்ப மட்டுமே தெரியும். 2002-இல் வந்த ஐரோபாட் நிறுவனத்தின் முதல் ரோபோ கிளீனரான ரூம்பாவும் சுருளாகச் சுற்றியும், சுவரோரம் போயும், முட்டித் திரும்பியும்தான் கூட்டியது. தரையின் வரைபடம் அதனிடம் கிடையாது.

எங்கள் ஹாலில் இரண்டடி டைல்ஸ், பத்துக்கு எட்டு. தூண், பீரோ, மரப்பெட்டி போக 68 கட்டம் காலி. ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை கோலமாவு வைத்துப் பார்த்தேன். பழையது அரை மணி நேரம் ஓடியும் 9 கட்டத்தில் மாவு அப்படியே கிடந்தது. வாசல் பக்கம் மட்டும் நாலு தடவை போய் வந்திருந்தது. புதியது விட்டது ஒன்றே ஒன்று, பீரோ பாதி மறைத்த கட்டம். உடம்பு நுழையாத இடத்துக்கு அதைக் குறை சொல்ல மாட்டேன்.

இது ஏர் உழுகிற மாதிரி ஒரு சால் போய், அடுத்த சாலில் திரும்பி வருகிறது. சரி, நடுவில் தூண் வந்தால்? ரோபோ ஆய்வாளர்கள் ஹோவி சோசெட், பிலிப் பிக்னான் இருவரும் 1997-இல் ஒரு முறை சொன்னார்கள். தடை தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் தரையைத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் தனி வயலாக உழுது முடிப்பது. தூணருகே என் மெஷினும் இப்படித்தான், இடப்பக்கத்தை முடித்துவிட்டே வலப்பக்கம் வருகிறது.

கல்லூரியில் படித்த ஆழம்-முதல் தேடலிலும் எதுவும் விடுபடாது. புதுக் கட்டம் இருந்தால் முன்னே போ, இல்லையென்றால் வந்த வழியே பின்வாங்கு, அவ்வளவுதான். ஆனால் 68 கட்டத்துக்குப் புறப்பட்ட இடம் திரும்புவதோடு 134 நகர்வு ஆகும், பேட்டரி வீண். முட்டுச்சந்தில் நின்றதும், மிச்சமுள்ளதில் மிக அருகிலிருக்கும் கட்டத்துக்கு அகலம்-முதல் தேடலால் (நிற்கும் இடத்திலிருந்து ஒரு படி, இரண்டு படி என்று விரிந்து தேடுவது) குறுக்கு வழி பார்த்துப் போவதே மேல்.

தூசிப்பெட்டி நம் ஊர் மணலுக்குச் சின்னது, தினமும் தட்ட வேண்டும். முதலில் உறிஞ்ச விடுங்கள், ஈரத்துணி அப்புறம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் சேறுதான். அப்பா வலை பின்னும் மூலைக்குச் செயலியில் தடைக்கோடு போட்டிருக்கிறேன். போடாத அன்று சக்கரத்தில் சுற்றிய வலை நரம்பைக் கத்தியால் அறுத்தெடுக்க ஒரு மணி நேரம் ஆனது.