பழ ஈயின் குடலைப் பார்க்க வாங்கிய நுணுக்குக்காட்டி

உயர்தர உயிரியல் படிக்கும் மகளுக்காகப் புறக்கோட்டையில் ஒரு சின்னக் கடையில், கணினியில் பொருத்திப் பார்க்கிற நுணுக்குக்காட்டி ஒன்று வாங்கினேன். பெட்டியில் 1000 மடங்கு என்று அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள், தெளிவாகத் தெரிவது அதில் சிறு பங்குதான். ஆனாலும் வாங்கியதில் எனக்குச் சந்தோஷம்.

வெள்ளவத்தையில் பழ ஈக்குப் பஞ்சமா? கனிந்த கதலி வாழைப்பழத்தைப் போத்தலில் போட்டுத் திறந்து வைத்தோம், தானாக வந்து முட்டையிட்டன. முட்டையிலிருந்து குடம்பிகள் (சின்னப் புழுக்கள்) வந்தபிறகு பழத்தில் நீல உணவுச் சாயம் கலந்தோம். குடம்பியின் தோல் கண்ணாடி போல இருப்பதால் உள்ளே குடல் நீலக் கோடாகத் தெரிந்தது, அந்தக் கோடு சுருங்கி விரிந்து உணவைத் தள்ளுவதைப் பார்த்துவிட்டு மகள், "அம்மா, இதுக்கு யார் உத்தரவு போடுறது?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு இந்தக் கருவியால் பதில் காட்ட முடியாது, அதுதான் பெரிய குறை. குடலுக்கு வரும் நரம்புக்கலங்களைப் பார்க்க, அவற்றை ஒளிரச் செய்யும் புரதமும் அதற்கேற்ற விலையுயர்ந்த நுணுக்குக்காட்டியும் வேண்டும். வளர்ந்த ஈயில் குடலின் முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும்தான் நரம்பு அதிகம் வருகிறது. நடுக்குடலின் பெரும்பகுதிக்கு நேரடி நரம்பு குறைவு, அங்கே குடற்சுவரிலுள்ள கலங்களே ஹோர்மோன் சுரந்து வேலை பார்க்கின்றன. 2011இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வொன்று, குடலுக்கு வரும் இந்த நரம்புகள் பசியையும் நீர்ச் சமநிலையையும் கழிவு வெளியேற்றத்தையும் கட்டுப்படுத்துவதாகக் காட்டியது. எனக்கு மிகவும் பிடித்தது, இனச்சேர்க்கைக்குப் பிறகு பெண் ஈயின் எச்சம் மாறுவதிலும் இவற்றுக்குப் பங்கு இருக்கிறது என்பது. இதையெல்லாம் கண்டுபிடிக்க அவர்கள் சாயம் கலந்த உணவு கொடுத்து, ஈ விட்ட எச்சப் புள்ளிகளின் எண்ணிக்கை, அளவு, நிறம் ஆகியவற்றைத்தான் பார்த்தார்கள்!

அதை நாங்களும் செய்யலாமே என்று போத்தலுக்குள் வெள்ளைக் காகிதம் வைத்தோம். புள்ளிகளைப் படமெடுக்க இந்தக் கருவி அருமை, ஓரங்கூடச் சரியாக விழுகிறது. மகள் இப்போது ஒவ்வொரு நாளும் எண்ணிக் கொப்பியில் எழுதுகிறாள்.

தாங்கி மட்டும் சரியான மோசம், மேசையில் கை பட்டாலே படம் ஆடும். நான் கீழே இரண்டு தடித்த புத்தகம் வைத்து நாடா ஒட்டிவிட்டேன். விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்தால் குடம்பி காய்ந்துவிடுகிறது, பாதிக்குக் குறைத்து ஒரு துளி தண்ணீரும் விடுங்கள்.