கெலெப்ரிம்போர் யார் வீட்டுப் பிள்ளை?

டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலில், குள்ளர்களின் நிலத்தடி நகரமான மோரியாவின் மேற்கு வாசற்கதவின் மீது, அவ்வெழுத்துகளை வரைந்தவன் எரேகியோன் நாட்டைச் சேர்ந்த கெலெப்ரிம்போர் என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. எல்ஃப்கள் என்னும் சாவற்ற இனத்தாரின் மூன்று மோதிரங்களைச் செய்தவனும் அவனே. ஆயினும் கதை நடக்கும் காலத்துக்கு வெகு முன்பே இறந்துவிட்ட அவனைப் பற்றி நாவலில் சில வரிகளுக்கு மேல் இல்லை. அந்தச் சில்லறைப் பாத்திரத்துக்கு ஆசிரியர் நான்கு வம்சாவளிகளை எழுதி வைத்திருக்கிறார் என்பதால், பெங்களூரு அல்சூரில் ஞாயிறுதோறும் கூடிப் படிக்கும் எங்கள் தமிழ்க் குழுவில் இரண்டு வாரங்கள் இதே வழக்குதான் நடந்தது.

முதலாவது, அவன் எல்ஃப்களில் நோல்டோர் இனத்துப் பெருங்கைவினைஞனான ஃபியனோரின் வழிவந்தவன் என்பது. 1965-இல் வந்த இரண்டாம் பதிப்பின் பிற்சேர்க்கையில் இது அச்சேறியது. 1977-இல் வெளியான, டோல்கீனின் பழங்காலக் கதைத் தொகுப்பான ‘சில்மரில்லியன்’ அவனை ஃபியனோரின் மகன் குருஃபினுக்குப் பிள்ளையாக்கி, தந்தையின் செயல்களை வெறுத்து நார்கோத்ரோண்ட் என்ற எல்ஃப் நகரிலேயே தங்கிவிட்டவன் என்கிறது. பாட்டன் பெயரைத் தாங்குபவன் ‘பெயரன்’ என்பது நம் வழக்கு. இங்கோ ஃபியனோர் ‘குருஃபின்வே’ என்ற தன் பெயரை மகனுக்கே கொடுத்துவிட்டதால், பேரனுக்குக் கைத்திறன் மட்டுமே மிஞ்சியது.

இரண்டாவது, அவன் எல்ஃப்களில் இன்னொரு பிரிவான டெலெரி இனத்தவன் என்பது. ஆசிரியர் தம் கடைசிக் காலக் கட்டுரை ஒன்றில், கெலெப்ரிம்போர் என்பது கப்பல் கட்டுவதோடு வெள்ளி வேலைக்கும் பேர்போன டெலெரிகளிடம் பரவலாக இருந்த பெயர் என்றும், இவன் கெலெபோர்ன் என்ற எல்ஃப் தலைவனுடன் வந்த மூவரில் ஒருவன் என்றும், மோரியாவின் வெள்ளியைத் தேடிச் சென்று அதற்கு மித்ரில் என்று பெயரிட்டவன் என்றும் எழுதினார். பெயரைப் பிரித்தால் இது எவ்வளவு பொருந்துகிறது என்பது விளங்கும். ‘கெலெப்’ வெள்ளி, ‘பௌர்’ இறுக மூடிய கை. அது குத்துவதற்கு மடக்கிய கை அன்று, கருவியைப் பற்றிய கை என்று அக்கட்டுரையே விளக்குகிறது. நகரத்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறையில் சிற்றுளியைப் பிடித்திருந்த முதியவரின் கையை நான் பார்த்திருக்கிறேன்; கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு இறுக்கியிருந்தும் மணிக்கட்டு மட்டும் தளர்ந்தே இருந்தது. அன்றிலிருந்து எனக்கு ‘பௌர்’ என்றால் அந்தக் கைதான். ‘கெலெப்’பிலிருந்து வந்த ‘கெலெப்ரின்’ (வெள்ளி போன்ற) என்பதோடு ‘பௌர்’ சேரும்போது னகரம் மகரமாகி, பகரம் மெலிந்து ஒலிப்பதும் ‘அம்பு’, ‘கம்பு’ என்று சொல்லிப் பழகிய நம் நாவுக்குப் புதிதன்று.

கோண்டோலின் என்ற எல்ஃப் நகரின் கைவினைஞன் என்னும் மூன்றாவது வரலாறு, ஆசிரியரே பின்னர்த் திருத்திய பழைய எண்ணம் என்பதால் அதில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. டேரோன் என்ற எல்ஃப் பாணனின் வழிவந்தவனாகச் சொல்லிக்கொண்டவன் என்ற நான்காவது குறிப்பைக் கதவே மறுத்துவிடுகிறது. டேரோன் வகுத்தவை ரூன் எழுத்துகள், கதவில் உள்ளவையோ ஃபியனோரின் எழுத்துகள்.

ஆக, போட்டி முதல் இரண்டுக்கும் இடையேதான். டெலெரி வரலாற்றை எழுதியபோது, தாமே அச்சிட்ட பிற்சேர்க்கை வரி ஆசிரியருக்கு நினைவில்லை என்று தோன்றுகிறது. மறந்து எழுதியதை வைத்து அச்சேறியதைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. மேலும், அதே கதவில் ஃபியனோர் குலத்து நட்சத்திரமும் இருக்கிறது, அதை ஒரு டெலெரி வெள்ளிக்கொல்லன் எதற்காக வரைய வேண்டும்? பெயர் மட்டும் இடிக்கிறது. ஆனால் நோல்டோர் மரபில் தாயும் பிள்ளைக்கு ஒரு பெயரிடுவாள், ‘ஃபியனோர்’ என்பதே அப்படித் தாய் இட்ட பெயர்தான். குருஃபினின் மனைவி டெலெரி உறவுள்ளவளாக இருந்து தன் பக்கத்துப் பெயரை மகனுக்கு இட்டிருக்கலாம் என்பது என் ஊகம்; குழுவில் பாதிப்பேர் இதை இன்னும் ஏற்கவில்லை.