பித்தளை ஊதுகுழல்: வாங்குமுன் மூக்கைப் பாருங்கள்

வேலூர் லாங்கு பஜார் பக்கம் ஊதுகுழல் என்று மட்டும் கேட்டால் அடுப்பு ஊதும் இரும்புக் குழாயை நீட்டிவிடுவார்கள். பத்தர் (நகை செய்பவர்) வேலைக்கான வளைமூக்குக் குழல், அதாவது விளக்குச் சுடரை வாயால் ஊதி நகைமேல் திருப்பும் குழல் என்று சொல்லிக் கேளுங்கள். இங்கே பார்ப்பது 9 அங்குலப் பித்தளைக் குழல்.

பிடிக்க வாகு, எடை சரி. குறை மூக்கில்தான். துளை அரை மில்லிமீட்டர் இருந்தால் போதும். இதில் ஒரு மில்லிமீட்டரை நெருங்குகிறது. சுடர் இரைகிறது, கூர் பிடிக்கவில்லை. கொலுசுக்குப் பரவாயில்லை, வெள்ளிக்கு எப்படியும் முழுத்துண்டும் சூடேற வேண்டும். மெல்லிய சங்கிலியில் ஒரு கண்ணிக்குப் பொடி (பற்றவைக்கும் உலோகத்தூள்) வைத்து ஊதினால் பக்கத்துக் கண்ணியும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். (பொடியை நேரே சுட்டால் அது உருண்டுகொள்ளும், முதலில் நகை சூடேற வேண்டும். இது குழலின் குற்றமல்ல.)

மூக்கைச் சரிசெய்யலாம். பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டு, நுனியைச் சுற்றிலும் மெல்லத் தட்டிக் குறுக்கி, அரை மில்லிமீட்டர் துளைப்பானால் திறக்க வேண்டும். காய்ச்சாமல் தட்டினால் பித்தளை வெடிக்கும்.

வாங்கும்போதே டம்ளர் தண்ணீரில் முக்கி ஊதிப் பாருங்கள். வளைவில் குமிழி வந்தால் ஒட்டு விட்டிருக்கிறது. அது ஈயப்பற்றாக இருந்தால் வேண்டவே வேண்டாம்; ஈயம் துளி கலந்தாலும் தங்கம் நொறுங்கும்.

நடுவில் ஈரம் தங்கும் குமிழ் இல்லாதது இன்னொரு குறை. கொஞ்ச நேரம் ஊதினாலே எச்சில் தெறித்து, பொடியோடு இடும் வெண்காரம் சிதறும். ஊத வேண்டியது கன்னத்தால்: உப்பிய கன்னத்திலிருந்து காற்றைத் தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சிழுப்பது, ஒத்து ஊதுகிறவர் செய்வதுதான்.

கல்லூரி ஆய்வகத்துக்கு? கரிக்குழிச் சோதனைக்குத் தாராளம். ஈய உப்பைச் சோடியம் கார்பனேட்டுடன் கரிக்குழியில் வைத்து, மூக்கைச் சுடரின் ஓரத்தில் நிறுத்தி மெல்ல ஊதினால் மஞ்சள் சுடர் சாயும், ஆக்சிஜனைப் பறிக்கும். காகிதத்தில் கோடு இழுக்கும் ஈய மணி கிடைக்கும், சுற்றிலும் மஞ்சள் படிவு. ஸ்பிரிட் விளக்கில் இந்தச் சுடர் சரியாக வராது. கனத்த திரியிட்ட எண்ணெய் விளக்கு வையுங்கள். மூக்கைச் சுடருக்குள் நுழைத்து அழுத்தி ஊதுகிற நீலக் கூருக்குத்தான் துளை சிறுக்க வேண்டும். 1751ல் நிக்கலைக் கண்டறிந்த கிரான்ஸ்டெட் இந்த வகைக் குழலைத்தான் கனிமச் சோதனைக்குக் கையாண்டார்.

காட்மியம் கலந்த பொடியை மட்டும் எந்த வாய்க்குழலாலும் ஊதாதீர்கள். முகம் சுடரை ஒட்டியே இருக்கும். அந்தப் புகை நேரே நுரையீரலுக்குப் போகும்.