ரவைப் பைக்குப் பச்சைத்தோலா, பட்டையில் பதனிட்ட தோலா?

குழலின் வாய்வழியே கருமருந்தையும் ரவை எனப்படும் சிறு ஈய மணிகளையும் இட்டுக் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்குக் கையால் ரவைப் பை செய்ய நினைப்பவர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது எந்தத் தோல் என்பதைத்தான். முடியை நீக்கிச் சுரண்டி, இழுத்துக் கட்டி உலர்த்தியதோடு நிறுத்திய பச்சைத்தோல் ஒரு வழி. ஆவாரம்பட்டை, வாட்டில் மரத்தின் பட்டை, கடுக்காய் ஆகியவற்றின் துவர்ப்பில் ஊறிப் பதப்பட்ட தோல் மற்றொரு வழி. கடைகளில் எளிதில் கிடைக்கும், குரோமியம் உப்பில் பதனிட்ட குரோம் தோல் ஈரத்தில் அச்சேற்றினாலும் உருவம் பிடிக்காது, கனம் ஏற ஏறத் தொய்ந்துபோகும் என்பதால் அதை நான் போட்டிக்கே சேர்க்கவில்லை. குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு செய்பவருக்கு என் பரிந்துரை, பையின் உடலுக்குப் பட்டையில் பதனிட்ட தோல், கழுத்துக் கட்டுக்கு மட்டும் பச்சைத்தோல் என்பதே.

இந்தப் பையில் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் கனம். ஈயம் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 11.3 கிராம் எடையுள்ளது. ரவைகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தைச் சேர்த்தாலும் ஒரு கிலோ ரவை ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் இடத்துக்குள் அடங்கிவிடும். அதாவது உள்ளங்கைக்குள் அடங்கும் பையின் அடித்தையல், நடக்கும்போதெல்லாம் ஒரு கிலோவின் குலுக்கலைத் தாங்க வேண்டும். பெரிய பை தைத்து வாய்வரை நிரப்புகிறவர்கள் தையல் விட்டுப்போவதற்குத் தோலைக் குறைசொல்வதில் நியாயமில்லை.

பச்சைத்தோலின் பெருமை அதன் விறைப்பு. ஊறிய நிலையில் துணிபோல் வளையும் அது, உலர்ந்தபின் மரம்போல் இறுகிவிடும். தையலும் அதனோடு சேர்ந்து இறுகும். பை மடங்காததால் மடிப்புகளில் ரவை சிக்குவதில்லை, சாய்த்தவுடன் சீராகக் கொட்டுகிறது. உட்புறம் வழவழப்பாக இருப்பதால் ஈயத்தின் சாம்பல் நிறத் தூளை ஈரத்துணியால் லேசாகத் துடைத்து எடுத்துவிடலாம். பதனிட்ட தோலின் சதைப்புறமோ அந்தத் தூளை நாருக்குள் வாங்கிக்கொள்ளும். எந்தப் பையானாலும் கையாண்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும், குழந்தைகளுக்கு எட்டாமல் வைப்பதும் கட்டாயம்.

ஆனால் இந்த மாவட்டத்தின் காற்றில் அந்த விறைப்பு நிலைப்பதில்லை. ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிற ஊர் இது. இரண்டுக்கும் நடுவிலும் கடற்காற்றின் ஈரம் குறைவதில்லை. மழைநாளில் பறையின் தோல் தளர்ந்து, தீயில் காய்ச்சினால்தான் ஒலி திரும்புகிறது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. ரவைப் பையும் பதனிடாத அதே தோல்தான். ஈரம் ஏறியதும் அடிப்பக்கம் கனத்தில் பிதுங்கி, அடுத்த வெயிலில் அந்தக் கோணலோடேயே இறுகிவிடும். போதாக்குறைக்கு எலியும் கரப்பானும் அதைத் தேடி வரும். மழைக்காலத்தில் செய்யத் தொடங்கினால் உலர்வதற்கு முன்பே நாற்றம் எடுத்துவிடுவதும் உண்டு.

பதனிட்ட தோலுக்கும் குறைகள் உண்டு. துவர்ப்பும் அமிலமும் மிச்சமிருப்பதால் பித்தளை படும் இடத்தில் பச்சைக் களிம்பு பூக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஷெஃபீல்டில் செய்த, ரவையை அளந்து கொட்டும் பித்தளை அளவுவாய் பொருத்திய பழைய தோல் ரவைப் பைகளில் இதைப் பார்க்கலாம். ஈரமாக இருக்கையில் இரும்பு பட்டால் கருங்கறை விழும். ஈயமும் அமில ஆவியில் வெண்மையாகப் பூக்கக்கூடியது என்பதால் ரவையை மாதக்கணக்கில் பைக்குள்ளேயே போட்டுவைக்கக் கூடாது. இவையெல்லாம் கவனத்தால் தடுக்கக்கூடியவை. பச்சைத்தோலின் ஈரப்பகையைக் கவனத்தால் மட்டும் தடுக்க முடியாது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இந்த வேறுபாடு தேன்மெழுகில் இன்னும் தெளிவாகும். மார்த்தாண்டம் வட்டாரத்தில் தேனீ வளர்ப்பு பரவலாக இருப்பதால் நல்ல மெழுகுக்கு நமக்குப் பஞ்சமில்லை. அது 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். ஈரம் மிஞ்சிய பச்சைத்தோலோ ஏறத்தாழ அதே சூட்டில் சுருங்கத் தொடங்கும். உள்ளே துளி ஈரம் இருந்தாலும் உருக்கிய மெழுகு பட்ட இடம் சுருண்டு கெட்டுவிடும். பட்டையில் பதனிட்ட தோல் ஈரத்திலும் 75 டிகிரிக்கு மேல்தான் சுருங்கும் என்பதால், நன்றாக உலர்த்தி, உருகிய உடனே இறக்கிய மெழுகைத் தூரிகையால் பூசினால் தோல் அதைக் குடித்துக்கொள்ளும். மழையைத் தாங்கும் பை இப்படித்தான் கிடைக்கிறது. மெழுகுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தேய்ப்பவர்கள் தோலை மென்மையாக்கி, கனத்தில் நீளவிட்டு, தையல் துளைகளையும் அகலப்படுத்திவிடுகிறார்கள்.

செய்முறை இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றே. பேரிக்காய் வடிவில் இரண்டு துண்டுகளை வெட்டி, குத்தூசியால் துளையிட்டு, மெழுகு தேய்த்த லினன் நூலால் இரட்டை ஊசித் தையல் போட வேண்டும். குளச்சல் பக்கம் கிடைக்கும் நைலான் வலைநூல் வலுவானதுதான் என்றாலும் ஈரத்தில் நீள்வதாலும் முடிச்சு வழுக்குவதாலும் இங்கே உதவாது. தைத்த பையை நனைத்து, கழுவி உலர்த்திய ஆற்று மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக இட்டு, மரக்குச்சியால் இடித்து இறுக்க வேண்டும். ஒவ்வொரு இடிக்கும் தையலோரம் மெல்லப் புடைத்து உருண்டு வருவதை விரலாலேயே உணரலாம். கடற்கரை மணல் வேண்டாம், அதிலுள்ள உப்பு தோலில் தங்கிப் பின்னால் ஈரத்தை இழுக்கும். அரிசியோ பயறோ போட்டால் ஊறிப் பருத்துத் தையலையே பிளந்துவிடும். நிழலில் உலர்த்துவது இரண்டுக்கும் பொது. கிடைப்பதைப் பொறுத்தவரை, திண்டுக்கல், திருச்சி, ஈரோடு வட்டாரங்களில் பட்டையில் பதனிட்ட தோல் தலைமுறைகளாகத் தயாராகிறது. 2 மில்லிமீட்டர் கனமுள்ளது போதும். பச்சைத்தோலுக்குச் செண்டை, தவில் வேலை செய்பவர்களைக் கேட்கலாம்.

திருவிதாங்கூர் படைக்கும் டச்சுப் படைக்கும் நடந்த குளச்சல் போரைப் பற்றிய நாடகத்துக்கோ கண்காட்சிக்கோ இந்தப் பையைச் செய்து தரச் சொல்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1741இல் டச்சுக் காலாட்படையினர் சுட்டது ஒற்றைக் குண்டு. ரவைப் பை வேட்டைக்காரரின் பொருள். இன்று நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்க 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். அந்தச் சட்டம் பயிர்ப் பாதுகாப்பை ஒரு காரணமாக ஏற்கிறது. உரிமம் கையில் இருக்கிறது என்பதற்காக 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை மீறி வேட்டைக்குப் போக முடியாது. மழை படாத கண்ணாடிப் பெட்டிக்குள் பார்வைக்கு வைக்க மட்டுமே செய்வதென்றால் முழுப் பையையும் பச்சைத்தோலிலேயே செய்யலாம், தோற்றத்தில் அதற்கு ஈடில்லை.

கழுத்து வேலையில்தான் பச்சைத்தோல் தன் தகுதியைக் காட்டுகிறது. ரவை தேங்காமல் இறங்க, கழுத்தில் பொருத்தும் குழாயின் உட்குறுக்களவு ரவையின் குறுக்களவைப் போல் ஐந்தாறு மடங்காவது இருக்க வேண்டும், 2.6 மில்லிமீட்டர் ரவைக்கு 15 மில்லிமீட்டர் சரியாக இருக்கும். மூங்கிலிலோ எருமைக் கொம்பிலோ குழாய் செய்து, அதன் வெளிப்புறம் சுற்றிலும் பள்ளம் அறுத்து, பையின் கழுத்துக்குள் செருகி, ஊறிய பச்சைத்தோல் வாரை அந்தப் பள்ளத்தின்மேல் இழுத்துச் சுற்றி முடிய வேண்டும். உலர உலர வார் சுருங்கித் தோலைப் பள்ளத்துக்குள் அழுத்திவிடும். எந்த நூற்கட்டும் இவ்வளவு இறுக்கம் தராது. வாரின்மேல் மெழுகை உருக்கி ஊற்றாமல், முற்றிலும் உலர்ந்தபின் கட்டியாகவே தேய்க்க வேண்டும். அப்படித் தேய்ப்பதற்கு முன் பையை ரவையால் நிரப்பி, குழாயில் கயிறு கட்டி ஓர் இரவு தொங்கவிட்டுப் பாருங்கள். காலையில் கழுத்து ஒரு நூலளவு இறங்கியிருந்தாலும் வாரை அறுத்தெறிந்துவிட்டுப் புதிதாகச் சுற்றுங்கள்.