அசையாமல் உட்கார்ந்தால் மீன் வராது

கிருஷ்ணகிரியில் இருக்கும் என் மனைவியின் தங்கை போன வாரம் தொலைபேசியில் கேட்டாள். "மாமா, எங்கள் நூலகத்தில் குழந்தைகளுக்கு ஒளித்தரை அமைக்கலாமா என்று வாசகர் வட்டத்தில் பேச்சு நடக்கிறது. நீங்கள் இரண்டு வருடமாகப் பாப்பாவை அழைத்துப் போகிறீர்களே, எப்படி இருக்கிறது?" நல்லது என்று சொல்லவும் வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒளித்தரை என்றால் கூரையில் புரொஜெக்டர், பக்கத்தில் கேமரா, தரையில் ஒளியாலான குளம். மிதித்தால் அலை எழும், மீன்கள் சிதறும். தருமபுரியில் நாங்கள் போகும் நூலகத்தின் சிறுவர் பகுதியில் இதற்குப் பெயரே "மீன் தரை"தான்.

முதல் வருடம் இருந்த மீன் தரையை நான் மறக்கவே மாட்டேன். மகளுக்கு அப்போது மூன்று வயது. மற்ற பிள்ளைகள் குதித்துக் குதித்து மீன்களை விரட்டுவார்கள். இவள் ஓரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். கொஞ்ச நேரம் போனால் ஒரு மீன் வரும், பிறகு இரண்டு, மூன்று என்று முழங்காலைச் சுற்றிக் கூடும். உதட்டுக்குள்ளேயே எண்ணுவாள். ஒரு நாள் பதினொன்று வரை எண்ணினாள். பிறகு அவளாகவே எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு படப் புத்தகத்தை எடுத்து வந்து, மடியில் விரித்துக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்தாள். மீன்கள் திரும்ப வந்தன. சுற்றிலும் மீன்கள் நிற்க நடுவில் ஒரு குழந்தை பக்கம் புரட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தபோது, நூலகத்துக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் வேறு இருக்க முடியாது என்று தோன்றியது.

போன கோடையில் கேமரா பழுதாகிவிட்டது. ஏறக்குறைய மூன்று மாதம் அறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். பழுது நீக்கித் திறந்த அன்றே போனோம். மகள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். மீன்கள் வந்தன. சிறிது நேரத்தில் ஒவ்வொன்றாக விலகி, அவள் அங்கே இல்லாததுபோல் அவள் மடிமேலேயே நீந்திப் போயின. "அப்பா, மீன் என்னைக் கல் என்று நினைத்துக்கொண்டது" என்றாள்.

அவள் சொன்னது உண்மையும்கூட. பழுது பார்க்க வந்த இளைஞர் பொறுமையாக விளக்கினார். பழைய கேமரா ஆழம் அளக்கும் வகை. தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியும். அசைந்தாலும் அசையாவிட்டாலும் குழந்தை குழந்தைதான். அந்த மாடலின் உற்பத்தியே நின்றுவிட்டதால் சாதாரண அகச்சிவப்புக் கேமராவைப் பொருத்தியிருக்கிறார்கள். இது வெறுந்தரையின் படத்தை நினைவில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து மாறுபடுவதை மட்டும் ஆள் என்று எடுத்துக்கொள்ளும். வெளிச்சம் மாறிக்கொண்டே இருப்பதால் அந்த நினைவையும் அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ளும். அசையாமல் இருக்கும் எதுவும் அப்போது தரையோடு சேர்ந்துவிடும். நானே உட்கார்ந்து பார்த்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை, நானும் தரையாகிவிட்டேன்.

"நினைவைப் புதுப்பிக்கும் அந்த நேரத்தைக் கூட்டி வையுங்கள் தம்பி" என்றேன். கூட்டினால் மாலை வெயில் தொல்லை தரும் என்றார். சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு உண்டு. மேற்கு ஜன்னல் வழியே விழும் வெயில் திட்டை ஆள் என்று நம்பி மீன்கள் அதைச் சுற்றிக்கொண்டிருக்குமாம். சரி, நியாயம். நாலைந்து பெற்றோர் சேர்ந்து கனமான திரை வாங்கி மாட்டினோம். இப்போது வெயிலும் இல்லை. ஆனாலும் நேரத்தை மாற்ற முடியவில்லை, ஏனென்றால் அதை மாற்றுவதற்கான கடவுச்சொல் தரையை அமைத்த நிறுவனத்திடம் இருக்கிறது. அவர்கள் பெங்களூருவிலிருந்து வரவேண்டும், வந்தால் கட்டணம். ஓர் எண்ணை மாற்றுவதற்கு! நூலகர் அம்மா இரண்டு முறை கடிதம் எழுதிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தரையில் தூசி படிந்தால் படம் மங்குகிறது என்று அவரே தினமும் துடைக்கிறார்.

அசையாமல் இருப்பவரைக் கண்டுகொள்வது முடியாத காரியம் என்றால் பேசாமல் இருந்துவிடுவேன். 1999இலேயே கமில் அட்டர்பேக், ரோமி அகிடுவ் என்ற இரு கலைஞர்கள் 'டெக்ஸ்ட் ரெயின்' என்ற படைப்பைச் செய்தார்கள். திரையில் எழுத்துகள் மழையாக விழும். முன்னால் நிற்பவரின் உருவத்தில் கையிலும் தோளிலும் அவை தங்கும். கையை நீட்டிக்கொண்டு பொறுமையாக நின்றால் எழுத்துகள் சேர்ந்து சொல்லாகும், சொற்கள் கவிதை வரியாகும். அசையாமல் நிற்பவருக்குத்தான் அங்கே வாசிக்கக் கிடைக்கிறது. நம் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய நூலக விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்கிறது. அமைதியான குழந்தையும் வாசகர்தானே? ஓடுகிற பிள்ளையை மட்டும் கண்டுகொள்ளும் பொருளை விளையாட்டுத் திடலில் வைக்கலாம். நூலகத்தில் எதற்கு?

பக்கத்துச் சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாளில் வண்ணம் தீட்டி ஸ்கேனரில் வைத்தால் அந்த மீன் சுவரில் நீந்தும் ஏற்பாடு. இது ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. கிரேயானைவிட ஸ்கெட்ச் பேனா நல்லது, வெளிர் நிறங்கள் ஸ்கேனரில் காணாமல் போகின்றன. தாளை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். ஒரே வருத்தம், எல்லாம் ஆழ்கடல் மீன்களாக இருக்கின்றன. ஒகேனக்கல் பரிசல் ஒன்று அந்தச் சுவரில் சுழன்றால் எங்கள் பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லப்பாடிப் பாறையின் பழங்கால வெள்ளை ஓவியங்களையும் வரைந்து பார்க்கக் கொடுக்கலாம்.

இவ்வளவு சொல்லிவிட்டு, கிருஷ்ணகிரிக்கு என் பதில்: மீன் தரை வேண்டாம். அந்தப் பணத்துக்குப் பாயும் படப் புத்தகங்களும் வாங்குங்கள். வாங்கியே தீருவது என்று முடிவாகிவிட்டால், பணம் கொடுப்பதற்கு முன் ஒரு குழந்தையைப் புத்தகத்தோடு நடுவில் உட்காரவைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். கடவுச்சொல்லை நிறுவனத்திடம் எழுதி வாங்கி நூலகரிடம் கொடுங்கள்.

நாங்கள் இந்தச் சனிக்கிழமையும் போவோம். மகள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். ஒரு காலை நீட்டி, விடாமல் ஆட்டிக்கொண்டே படிக்கிறாள். மீன்கள் அந்தக் காலருகே நிற்கின்றன. இப்போது வீட்டிலும் புத்தகத்தைத் திறந்தால் கால் தானாக ஆடுகிறது. "உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டாதே, குடும்பத்துக்கு ஆகாது" என்று என் அம்மா அதட்டினார்.

"மீன் போய்விடும் பாட்டி" என்றாள், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.