ஸ்டிக்கர் ஒட்டிய நைட்ஸ் கிராஸ்: பதக்கம் சேர்ப்பவர்கள் கவனத்துக்கு

ஜெர்மன் போர்ப் பதக்கங்கள் சேர்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். 1939 வகை நைட்ஸ் கிராஸ் (நாஜி ஜெர்மனியின் உயரிய வீரப் பதக்கம்; நடுவில் கறுப்பு இரும்புத் தகடு, சுற்றி வெள்ளி விளிம்பு) என்று இங்கே ஜெர்மனியில் ஓர் ஆள் என் தலையில் கட்டியது, போருக்குப் பிறகு செய்த சிலுவையைப் பிரித்து ஒட்டுப்போட்ட பொருள்.

'பரணில் கிடைத்தது, தாத்தாவுடையது, எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது' என்று விளம்பரம். பூவேலை செய்த மேசைவிரிப்பின் மேல் வைத்து எடுத்த படங்கள். நாஜிச் சின்னமான ஸ்வஸ்திக் இருக்கும் இடத்தில் வட்ட ஸ்டிக்கர். அதில் தப்பில்லை. ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவுப்படி அந்தச் சின்னத்தைப் பொதுவில் காட்டக் கூடாது. சந்தையிலும் மறைத்துத்தான் விற்பார்கள். ஆனால் இவருடைய ஸ்டிக்கர் தேவைக்கு மேல் பெரிது, வெள்ளி விளிம்பின் உள்மூலைகள் வரை மூடியிருந்தது. பக்கவாட்டுப் படம் கேட்டால் அதற்கும் 'சட்டம் அனுமதிக்காது' என்றார். விளிம்பைக் காட்டக் கூடாது என்று எந்த ஊர்ச் சட்டம் சொல்கிறது? பதிலுக்குக் காந்தம் ஒட்டுகிற வீடியோவும் '800' (ஆயிரத்தில் 800 பங்கு வெள்ளி) என்ற முத்திரையின் படமும் வந்தன.

இரண்டும் எதையும் நிரூபிக்காது. மேற்கு ஜெர்மனி 1957இல் சட்டம் போட்டு, ஸ்வஸ்திக் நீக்கிய வடிவத்தில் இந்தப் பதக்கங்களை அணிய அனுமதித்தது. சிலுவையின் நடுவில் ஓக் இலைகள் வந்தன. போர்க்காலத்தில் பதக்கம் செய்த லூடன்ஷைட் ஊர் ஸ்டைன்ஹவர் அண்ட் லுக் போன்ற நிறுவனங்கள் இந்தப் புது வடிவத்தையும் செய்தன. அதிலும் இரும்புத் தகடு உண்டு, காந்தம் ஒட்டும். முத்திரையை யார் வேண்டுமானாலும் குத்திக்கொள்ளலாம். விளிம்பைப் பிரித்து, ஓக் இலைத் தகட்டை எடுத்துவிட்டு, புதிதாகச் செய்த ஸ்வஸ்திக் தகட்டை வைத்துப் பற்றவைத்தால் பல ஆயிரம் யூரோ 'அசல்' தயார்.

பார்சல் வந்ததும் ஸ்டிக்கரை உரித்து லென்ஸில் பார்த்தேன். இரண்டு வெள்ளிப் பாதிகள் சேரும் கோட்டில் அங்கங்கே சாம்பல் நிற ஈயப்பற்று திட்டுத்திட்டாக நின்றது, அதன் மேல் அரம் போட்ட புதுக் கீறல்கள். விளிம்பு பல வருடக் கறுப்பேறிக் கிடக்க, நடுத்தகட்டின் கறுப்புப் பெயின்டில் ஒரு தேய்மானம்கூட இல்லை. புற ஊதா விளக்கில் ரிப்பன் நீல வெள்ளையாகப் பளிச்சிட்டது. போருக்குப் பின் வந்த வெளுப்பூட்டும் ரசாயனத்தின் வேலை அது. (ரிப்பனை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம், அசல் சிலுவைக்கும் பிறகு மாற்றியிருப்பார்கள்.)

திருப்பிக் கேட்டபோது கையை விரித்துவிட்டார். 'எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதியிருந்தேனே, இது தனியார் விற்பனை, திரும்பப் பெற மாட்டேன்.' அந்த அப்பாவித்தனம் எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. பேபாலில் 'நண்பர், உறவினர்' வழியாக அனுப்பச் சொன்னதும் அதற்காகத்தான். அந்த வழியில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாது. தெரிந்தே ஏமாற்றியிருந்தால் 'திரும்பப் பெற மாட்டேன்' என்ற வரி செல்லாது என்கிறார் வக்கீல். போலீஸில் புகார் கொடுத்தாயிற்று.

இப்போது அதே மேசைவிரிப்பில் இன்னொரு 'தாத்தா' பொருள் ஏறியிருக்கிறது: 1941இல் தொடங்கிய ஜெர்மன் கிராஸ், தங்க வகை. அதன் நடுப்பகுதி முழுக்கவே ஸ்வஸ்திக் என்பதால், ஸ்டிக்கர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சட்டத்தைக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம். படம் கேட்பதானால் பின்பக்கத்து ரிவெட்டுகளின் (தகடுகளைப் பிணைக்கும் ஆணிகளின்) படத்தைக் கேளுங்கள். அங்கே மறைக்க வேண்டிய சின்னம் எதுவும் இல்லை.